தெரு, பெயர்ப்பலகை, கதவு: வீட்டு வலையமைப்பில் பழுது தேடும் முறை குறித்து



ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை என்று எவரேனும் கேட்டால், உடனே இரண்டு அறிவுரைகள் வந்து விழுகின்றன. "ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள்" என்பது ஒன்று. "எஸ்.எம்.பி. 1-ஐ மீண்டும் இயக்குங்கள்" என்பது மற்றொன்று. இவற்றால் சில வேளைகளில் படம் ஓடத் தொடங்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் நோய் எதுவென்று கேளாமல் தரப்படும் மருந்துகள் அவை. இப்பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் அறையிலுள்ள கணினியின் படம் மற்றோர் அறையின் திரையில் ஓட வேண்டுமெனில், மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வழி உள்ளதா? ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குத் தெரிகிறதா? உள்ளே வர அனுமதி உள்ளதா? தெரு, பெயர்ப்பலகை, கதவு என்று இவற்றை நினைவில் கொள்ளலாம். பெரும்பாலான குழப்பங்கள், தெருவில் உள்ள பழுதுக்குக் கதவைக் கழற்றுவதால் நேர்கின்றன.

முதலில் தெரு. இரு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் பாருங்கள். வழக்கமான வீட்டு அமைப்பில் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கும், ஒன்று 192.168.1.20 எனில் மற்றது 192.168.1.35 என்பதுபோல. ஏதேனும் ஒன்று 169.254 என்று தொடங்கினால், அக்கணினிக்கு ரௌட்டர் முகவரியே வழங்கவில்லை என்று பொருள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் இருந்தால், வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணைய நிறுவனம் பொருத்திய பெட்டிக்குப் பின்னால் நாமே வாங்கிய ரௌட்டரை மாட்டுவது நம் நாட்டில் மிகச் சாதாரணம். உள்ரௌட்டரில் இணைந்த கணினி வெளியே உள்ளதைத் தொடமுடியும்; வெளியே உள்ளது உள்ளே வர இயலாது. உள்ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் இது தீரும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகளையும் பல ரௌட்டர்கள் வேண்டுமென்றே பிரித்து வைக்கின்றன.

அடுத்தது பெயர்ப்பலகை. விண்டோஸின் 'நெட்வொர்க்' பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டதும் இணைப்பே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. பெயரைக் கேட்காமல் \\192.168.1.20 என்று முகவரியையே தட்டச்சு செய்து பாருங்கள். திறந்துவிட்டால் தெருவும் கதவும் நலம். பலகை மட்டுமே விழுந்திருக்கிறது. டி.எல்.என்.ஏ. வழியாகத் தொலைக்காட்சி படங்களைத் தேடும்போது, 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு ஓர் அழைப்பு போகிறது. அவ்வழைப்பை வைஃபைக்கும் கம்பிக்கும் இடையே ஒழுங்காகக் கடத்தாத ரௌட்டர்கள் உண்டு. அந்நிலையில் இருபுறமும் உள்ள கணினிகளை எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் பயனில்லை.

மூன்றாவது கதவு. இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால், ரயில் நிலைய வைஃபையில் நடந்துகொள்வதுபோலவே கணினி வீட்டிலும் நடந்துகொள்ளும். அதை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். உங்கள் வீட்டு வலையமைப்பில் ஃபயர்வாலின் வேண்டாத இறுக்கம் இந்த ஒரு மாற்றத்தாலேயே பெரும்பாலும் தளர்ந்துவிடும். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பலரும் கணினியைத் திறக்கும் 'பின்' எண்ணை இடுகிறார்கள். அது அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். வலையமைப்பின் வழியே வருபவர் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத் தர வேண்டும். 2024இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பின் புரோ வகை, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுக்கிறது. நேற்றுவரை திறந்த பழைய சேமிப்புப் பெட்டி இன்று திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி அந்த இரண்டு அறிவுரைகளுக்கு வருவோம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை என்னும் தீநிரல், விண்டோஸின் எஸ்.எம்.பி. 1 பகுதியில் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது, நிறுவாதவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10, 1709 பதிப்பு முதல் எஸ்.எம்.பி. 1 இயல்பிருப்பிலிருந்து விலக்கப்பட்டது. அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது என்றாலும், அந்நெறிமுறையில் குறியாக்கம் இல்லை. பெயர்ப்பலகை விழுந்ததற்காக அதை மீண்டும் அழைத்து வருவது நியாயமாகாது. ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பது சோதனை, அதில் தவறில்லை. அணைத்தபடியே விட்டுவிடுவது வேறு. வீட்டுக்குள்தானே என்போர், அதே வைஃபையில் தொங்கும் மலிவான கேமராவையும் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைபேசியையும் எண்ணிப் பார்க்கட்டும்.

பழியை முழுவதும் பயனர் மீது சுமத்துவது என் நோக்கமன்று. வழி இல்லாத நிலைக்கும், பெயர் அறியாத நிலைக்கும், ஃபயர்வால் தடுக்கும் நிலைக்கும் 'வலையமைப்புப் பாதை கிடைக்கவில்லை' என்ற ஒரே செய்தியை, 0x80070035 என்ற ஒரே எண்ணுடன் காட்டினால் எளியவர் என்ன செய்வார்? பொருத்திய ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையே வாடிக்கையாளரிடம் தராமல் செல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. தன் வீட்டுத் தெருவின் வரைபடத்தைத் தன்னிடமே மறைப்பதற்கு ஒப்பானது இது. அக்கடவுச்சொல்லையும், இந்திய மொழிகளில் ஓர் எளிய கையேட்டையும் பெறுவது நம் உரிமை என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கும்போது இத்தனை தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பர். வெளியே சாலையைத் தோண்டும்போது இழை அறுந்து இணையம் போனாலும், ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டு வலையமைப்பு உயிரோடுதான் இருக்கிறது. பாட்டி பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும், இப்போது இல்லாத ஒருவர் சிரிக்கும் திருமணக் காணொளியும் அடுத்த அறையின் வன்தட்டில் இருக்க, அதை எட்ட மாதக் கட்டணமும் தொலைதூரச் சேவையகமும் தேவைப்படுவது, நம் உடைமையை நாமே வாடகைக்கு எடுப்பது போன்றது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். படங்கள் உள்ள கணினிக்கு ரௌட்டரில் நிலையான முகவரியை ஒதுக்குங்கள். மின்வெட்டுக்குப் பின் முகவரி மாறி இணைப்பு முறிவது நிற்கும். அம்முகவரியையும் ரௌட்டரின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் அனைவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். அடுத்த முறை இணைப்பு அறுந்தால் தெரு, பெயர்ப்பலகை, கதவு என்ற வரிசையில் கேளுங்கள். முதல் கேள்விக்கு விடை கிடைக்கும் முன் மூன்றாவதன் மீது கை வைக்காதீர்கள்.