முந்நீரும் மகளிரும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திற்கும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்திற்கும் அண்மையில் வாழும் நமக்குக் கடல் புதிதன்று. 1783 ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கப்பற்படை கொண்டு மோதியது கடலூர்க் கடலில்தான். பரங்கிப்பேட்டை மரைக்காயர் பெருமக்கள் மரக்கலம் செலுத்தி வாணிகம் வளர்த்தனர். ஆயினும் இவ்வரலாறுகளில் எல்லாம் பெண் கரையிலேயே நிற்கின்றாள்.

கடற்பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் செய்தி. (உரையாசிரியருள் வேறு பொருள் கொள்வாரும் உளர்.) இதனை வகுப்பில் விளக்கியபோது, கணிதம் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இது தடையா, அக்கால வழக்கமா?" என்று வினவினாள். நூற்பாவில் நிற்பது 'வழக்கம்' என்னும் சொல்லே; ஆசிரியர் தாம் கண்டதைக் கூறினாரேயன்றி விலக்கு விதிக்கவில்லை என்றேன். அவள் வினவியதன் காரணம் பின்னரே புரிந்தது. கடற்படைக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றாள், இல்லத்தார் இசையவில்லை.

வழக்கம் மாறிய வரலாற்றை அவ்வில்லத்தாரும் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போதே இந்தியக் கடற்படையில் மகளிர் பிரிவு ஒன்று கரைப்பணி ஆற்றியது. அதன் அதிகாரியான கல்யாணி சென் 1945 இல் பிரிட்டன் சென்று வந்தார். போர் முடிந்தபின் அப்பிரிவு மறைந்தது. மருத்துவப் பணி நீங்கலாக, மகளிர்க்குக் கடற்படையின் கதவு மீண்டும் திறக்க 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் கல்வி, தளவாடம், சட்டம் முதலிய பிரிவுகளில் குறுகிய காலப் பணியே கிட்டியது. பதினான்கு ஆண்டுகள் உழைத்தும் ஓய்வூதியம் இல்லை. அதற்கு இருபது ஆண்டுப் பணி வேண்டும். அதிகாரி ஆனி நாகராஜா முதலியோர் தொடுத்த வழக்கில், மகளிர்க்கும் நிரந்தரப் பணி வழங்குக என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17 அன்று தீர்ப்பளித்தது. உடற்கூறு, கப்பலில் வசதியின்மை எனச் சொல்லப்பட்ட காரணங்கள் அங்கு நிலைபெறவில்லை.

2017 இல் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்மரக்கலத்தில் புறப்பட்ட ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி 2018 மே திங்களில் மீண்டனர். அதே கலத்தில் 2024 அக்டோபரில் இருவர் மட்டுமே புறப்பட்டு, ஹார்ன் முனையைக் கடந்து, 2025 மே திங்களில் கரை சேர்ந்தனர். ஒருவர் கேரளத்துத் தில்னா; மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. நம் கடலூருக்கு அடுத்த ஊர்ப் பெண் அவர்!

"நம் மார்க்கம் இதற்கு இடந்தருமா?" எனப் பெரியோர் வினவலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்தார் கடலில் அறப்போர்க்குச் செல்வர் என முன்னறிவித்தபோது, தம்மையும் அவர்களுள் ஒருவராக்க இறைஞ்சுமாறு வேண்டியவர் உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணி. பிற்காலத்தில் அவர் சைப்ரஸ் கடற்பயணத்தில் கலந்துகொண்டு அத்தீவிலேயே உயிர் நீத்தார். லார்னகா நகரருகே அவரது அடக்கத்தலம் இன்றும் உள்ளது. அவர் கணவருடன் சென்றார் என்பீர்களாயின், அது மெய்யே. ஆனால், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சே சுல்தானகத்தின் கடற்படையை நடத்திய மலஹயாத்தி கணவரைப் போரில் இழந்தவர். கைம்பெண்களைத் திரட்டிப் படை அமைத்தவர். அவரும் முஸ்லிம் பெண்ணே.

எல்லாப் பெண்களும் கடற்படைக்குச் செல்க என்று யான் கூறவில்லை. மகளின் பாதுகாப்புக் கருதி அஞ்சும் தந்தையின் உள்ளத்தையும் இகழவில்லை. தகுதியும் விருப்பமும் உடைய ஒருத்தியை வழக்கத்தின் பெயரால் தடுத்தல் முறையன்று என்பதே என் கருத்து. நீதிமன்றம் கப்பலின் கதவைத்தான் திறக்க இயலும். வீட்டின் கதவை நாமே திறத்தல் வேண்டும். பெற்றோரை அழைத்துப் பேசவும், தேர்வுக்கு வழிகாட்டவும் நம் கல்லூரி முன்வருதல் வேண்டும்.

அம்மாணவியின் விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை. வல்ல இறைவன் பெரியோர் உள்ளங்களில் தெளிவை அருள்வானாக.