எண்ணெயில் மின்னிய பொடி

சென்ற ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் வெள்ளைப் பீங்கான் தட்டொன்றை இரு கைகளாலும் ஏந்தியவாறு என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். தட்டில் எண்ணெய், அதனடியில் பொன்னிறமாக ஏதோ மின்னிக்கொண்டிருந்தது.

"மாமா, கியர் பெட்டியில் வடித்தது. வண்டியைக் கோத்து நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்றான்.

வண்டி அவன் தந்தையாருடைய ஜாவா 250. சேலத்துப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்து, யாதவகிரி ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். செக்கோஸ்லோவாக்கிய நாட்டு உரிமத்துடன் 1961-இல் உற்பத்தி தொடங்கிய அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்ட கதையை மைசூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா அன்பர்கள் கூடி ஊர்வலம் போகிறார்கள் அல்லவா? அதில் தந்தையாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போக வேண்டுமென்பது பையனின் ஆசை. அதற்கு எட்டு நாட்களே இருந்தன. கோத்துக் கொடுத்த பட்டறையாரோ, "புதுச் சாமான், போகப் போக அடங்கிவிடும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

அச்சொல் பாதி மெய். புதிதாகக் கடைந்த உலோகத்தின் முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணிய மேடுகள் உடையது. முதல் ஓட்டத்தில் அம்மேடுகள் தேய்ந்து எண்ணெயில் கலக்கும். ஆதலால் முதல் எண்ணெயை விரைவில் வடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்தத் தேய்மானம் விரலில் திருநீறு போல ஒட்டும் சாம்பல் நிறக் குழம்பாக இருக்க வேண்டும். நகத்தில் தட்டுப்படுமானால் அது வேறு செய்தி.

சோதனை எளிது. வண்டியைச் சற்று ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். ஆறினால் துகள்கள் பெட்டியின் அடியிலேயே தங்கிவிடும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, துணியில் நின்றதை டீசலில் அலசி, வெயிலில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனால் எஃகு தாவி ஒட்டும். ஒட்டாமல் வெண்மையாக நிற்பது அலுமினியம்; பெட்டியின் சுவரைச் சங்கிலி உரசியிருக்கலாம், திருகுமரை சிதைந்திருக்கலாம். மஞ்சளாக, ஜரிகைத் தூள் போல மின்னுவது வெண்கலம். ஜாவாவில் கிளட்சும் இதே எண்ணெயில் முழுகியிருப்பதால் தக்கைத் துணுக்கும் வரும். அதைக் கண்டு எஃகென அஞ்சியவர்களும் உண்டு!

இன்னொன்று. இது இரண்டு வீச்சு எஞ்சின். பிஸ்டனுக்கும் கிராங்கின் பேரிங்குகளுக்கும் பெட்ரோலில் கலந்த எண்ணெயே போகிறது. ஆகவே கியர் பெட்டியில் கண்ட துகளுக்குப் பிஸ்டனைப் பழிப்பது வீண். அதன் பிறப்பிடம் பற்சக்கரங்களிலும் புஷ்களிலும் கிளட்சிலும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளிலுமே இருக்கும். (பழைய கார் வைத்திருப்போர், கியர் பெட்டியில் பித்தளை வளையங்கள் இருக்குமாயின், ஜி.எல்.-5 எண்ணெயை ஊற்றுமுன் விசாரித்துக்கொள்க. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும், ஜி.எல்.-4 பொருத்தமானது.)

பையனுடைய துணியில் ஜரிகைத் தூள் நிறையவே நின்றது. கூடவே அரிசி நொய்யளவில் ஓர் எஃகுச் சில்லு. பற்சக்கரம் உடைந்துவிட்டதென்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று மாலை பெரியவரிடம் காட்டினோம். சில்லை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் புரட்டினார். "உடைந்த முகம் மழுங்கியிருக்கிறது, பார். இது பழைய சில்லு. பெட்டியைக் கழுவாமல் மூடியிருக்கிறார்கள். இதைவிட இந்த மஞ்சளுக்குத்தான் பயப்பட வேண்டும்" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரித்துப் பூட்ட முடியாதே, அப்பா."

"ஞாயிறு அடுத்த வருஷமும் வரும். ஓடும்போது கியர் பெட்டி இறுகிப் பின்சக்கரம் நின்றால், பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான்."

ஜாவாவில் பற்சக்கரங்களைக் காண வேண்டுமானால் எஞ்சினின் இரு பாதிகளையும் பிரித்தாக வேண்டும். காஸ்கெட், ஆயில் சீல் எல்லாம் மறுபடி செலவு. பையனுக்கு முகம் வாடியது. ஆயினும் மறுநாளே பிரித்தான். பற்கள் யாவும் முழுதாக இருந்தன. புதிதாக அடித்த புஷ் ஒன்றில் எண்ணெய்த் துளை, இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகியிருந்தது. எண்ணெய் எட்டாமல் அதன் உட்புறம் வரிவரியாகக் கீறி, ஒருபுறம் நீலம் பூத்திருந்தது.

ஊர்வலத்தன்று தந்தையும் மகனும் சாலையோரம் நின்று பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து அதே பீங்கான் தட்டு மறுபடியும் என் வீட்டுக்கு வந்தது. காந்தத்தில் சாம்பல் குழம்பு மெல்லியதாகப் படிந்திருந்தது. துணியில் மஞ்சள் இல்லை. வாயிலில் பெரியவர் பின்னிருக்கையை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.