அடுப்படிக்கு வந்த யுத்தம்



“இரண்டாம் உலக யுத்தத்தில் நம் நாடும் இருந்ததா, ஹஸரத்?” என்று ஒரு மாணவர் கேட்டார். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு பக்கம் ரத்மலானை, மறுபக்கம் துறைமுகம், நடுவே அவருடைய வீடு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் குறிவைத்து வந்ததே அந்த இரண்டு இடங்களையும்தான்!

யுத்தத்தில் சேரலாமா என்று இலங்கையரிடம் எவரும் கேட்கவில்லை. பிரித்தானியா 1939இல் இறங்கியது, நாமும் இறக்கப்பட்டோம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன். அடுத்தது கொழும்பு என்று எல்லோரும் எண்ணினார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். அந்தச் செய்தியால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறித் தப்பின. ஆனால் மறுநாள் காலை எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோதும் ரத்மலானையில் நம் பக்கத்து விமானங்கள் தரையில்தான் நின்றன! குதிரைப் பந்தயத் திடலில் ஒரு விமானத் தளம் இருந்தது ஜப்பானியருக்குத் தெரியவில்லை, அது தப்பியது. அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலை மீதும் குண்டு விழுந்தது. நான்கு நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

இவற்றை ஓரளவு யாவரும் அறிவர். கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றை அநேகர் அறியார். அதே ஆண்டு மே மாதம், கொக்கோஸ் தீவுகளில் காவலுக்கிருந்த இலங்கைப் பீரங்கிப் படை இளைஞர்களில் ஒரு பகுதியினர் தம் ஆங்கிலேய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது அவர்களுடைய திட்டம். ஓரிரவிலேயே அது தோற்றது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்த யுத்தம் முழுவதிலும், கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படைவீரர் இந்த மூவர் மட்டுமே. அவர்கள் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஓர் எஜமானனை விட்டு இன்னோர் எஜமானனிடம் போவது விடுதலையாகாது. ஆயினும் தாமாக முன்வந்து சேர்ந்த பிள்ளைகள் அந்த நிலைக்கு ஏன் போனார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

இனி வீட்டுக்கு வருவோம். குண்டு விழுந்து ஓய்ந்தது ஒரு காலைப்பொழுதில். பசி அப்படி ஓயவில்லை. நாம் உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் போனதும் அரிசிக் கப்பலும் நின்றது. அப்போதுதான் கூப்பன் வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். பற்றாததற்குக் கோதுமை மாவும் பஜிரி என்ற கம்பும் மரவள்ளிக் கிழங்கும். சோறின்றிச் சாப்பாடில்லை என்றிருந்த வீடுகள் பாணுக்குப் பழகின. இன்றும் காலையில் பேக்கரி வாசலில் நாம் நிற்கிறோமே, அந்தப் பழக்கத்தில் யுத்தத்துக்கும் ஒரு பங்குண்டு.

யுத்தம் 1945இல் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். 1979இல் உணவு முத்திரை வரும்வரை கூப்பன் புத்தகம் இருந்தது.

அந்த மாணவரிடம், “உம் உம்மம்மாவிடம் கூப்பனைப் பற்றிக் கேட்டு வாரும்” என்றேன். மறுவாரம் வந்தார். உம்மம்மா தம் பழைய கூப்பன் புத்தகத்தை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறாராம். அது யுத்தத்தோடு வந்த முறை என்பது அவருக்கும் தெரியாதாம்.