ரெண்டு ரேம்... ரெண்டு ஸ்லாட்... ஒரு அவசரக்குடுக்கை!



போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கெலமங்கலம். ஓசூர்ல இறங்கி அடுத்த பஸ் பிடிக்கணும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில ஓடுற ஊர்.

பையை இறக்கி வைக்கறதுக்குள்ள, ஜெராக்ஸ் கடை அக்கா கூப்பிட்டுட்டாங்க. “தம்பி, நீ இன்ஜினீயரிங்தானே? நம்ம கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு நீலத் திரை காட்டி நின்னு போகுது. வந்து பாரேன். ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போடப் பசங்க வரிசையில நிக்கறாங்க!”

நான் மூணாம் வருஷம் இ.சி.இ. மைக்ரோபிராசஸர் பேப்பர்ல நல்ல மார்க். ஆனா, டெஸ்க்டாப் மூடியைக் கழற்றினது அதுவரைக்கும் ரெண்டே தடவை. அதை அக்காகிட்ட சொல்லுவேனா? காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுப் போயிட்டேன்.

உள்ளே ரெண்டு நாலு ஜி.பி. ரேம், ரெண்டு ஸ்லாட். ரெண்டு ரேமையும் உருவினேன். ரப்பர் போட்டுத் துடைச்சேன். ஒண்ணை மட்டும் முதல் ஸ்லாட்ல செருகினேன். அருமையா ஓடுச்சு! வெளியே இருந்த ரேமைத் தூக்கிக் காட்டி, “அக்கா, இது அவுட். புதுசு வாங்கிடுங்க”ன்னு டாக்டர் கணக்கா தீர்ப்பு சொன்னேன்.

அக்கா மறுநாள் கடையைப் பூட்டிட்டு பெங்களூரு எஸ்.பி. ரோடு வரைக்கும் போய், 1,200 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டாவது ஸ்லாட்ல போட்டோம். சாயங்காலமே மறுபடியும் நீலத் திரை! அதுவும் ஒரு பொண்ணு முழு ஃபாரத்தையும் டைப் பண்ணி முடிச்ச நேரத்துல. அவ முகத்தைப் பார்க்க முடியலை.

என்னைக் காப்பாத்தினது எங்க பக்கத்து வீட்டு அக்கா. பன்னிரண்டாவது முடிச்சிட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில டெஸ்டிங் லைன்ல வேலை பார்க்கறாங்க. நடந்ததைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. “நீ எதை மாத்தினதால அது ஓடுச்சு?”

வாயடைச்சுப் போச்சு. ரேமைக் குறைச்சேன், துடைச்சேன், ஸ்லாட்டைக் காலி பண்ணினேன். ஒரே நேரத்துல மூணு மாற்றம். எது மருந்துன்னு எப்படித் தெரியும்?

“எங்க லைன்ல ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். உடனே எழுதி வெக்கணும்”னாங்க. ஒரு பழைய நோட்டுல நாலு கட்டம் போட்டோம். ஏ ரேம், பி ரேம், முதல் ஸ்லாட், ரெண்டாவது ஸ்லாட். ஒவ்வொரு ஜோடியா போட்டு மெம்டெஸ்ட்86+ ஓட்டினோம். பென்டிரைவ்ல ஏத்தி, விண்டோஸே இல்லாம ஓட்டற இலவச சாஃப்ட்வேர் இது.

முதல் ஸ்லாட்ல ஏ ஓகே. நான் ‘அவுட்’ கொடுத்த பி-யும் ஓகே! ரெண்டாவது ஸ்லாட்ல ஏ போட்டாலும் சிவப்பு எரர், பி போட்டாலும் சிவப்பு எரர். குற்றவாளி ரேம் இல்லை... ஸ்லாட்! டார்ச் அடிச்சுப் பார்த்தா பள்ளத்துக்குள்ள தூசியோட பஞ்சு மாதிரி ஒரு இழை. மெல்லிய பிரஷ்ஷால எடுத்தோம். ராத்திரி முழுக்க ஓடின டெஸ்ட்ல எரர் பூஜ்யம்.

ஸோ, உங்க வீட்லயோ ஹாஸ்டல்லயோ இதே கதைன்னா, இப்படிப் பண்ணுங்க...

முதல்ல ஸ்விட்சை அணைச்சு வயரையும் பிடுங்கிடுங்க. பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்க. மிச்சமிருக்கற கரண்ட் வடிஞ்சிடும். பெயின்ட் இல்லாத கேபினட் இரும்பைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. நம்ம உடம்புல இருக்கற நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சிப்பைக் கெடுத்துடும். பக்கத்து வீட்டு அக்கா கம்பெனியில கையில பட்டை கட்டாம போர்டுகிட்ட போகவே விடமாட்டாங்களாம்!

ரேமின் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால மெதுவா துடைச்சு, துகளைத் தட்டிடுங்க. ஸ்லாட்டுக்குள்ள வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். திரும்பச் செருகும்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்கணும். பாதிப் பேருடைய பிரச்னை இந்த க்ளிக்லயே தீர்ந்துடலாம். உள்ளே போகலைன்னா பலத்தைக் காட்டாதீங்க. டி.டி.ஆர்.3-க்கு 240 பின், டி.டி.ஆர்.4-க்கு 288, வெட்டு இருக்கற இடமே வேற.

அடுத்து நாலு கட்டம். தப்பு ரேம் கூடவே நகர்ந்தா ரேம் கோளாறு. ஸ்லாட்லயே நின்னா ஸ்லாட் பக்கம். தனித்தனியா ஓடி, சேர்த்தா மட்டும் தகராறுன்னா ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லாம இருக்கலாம். பயாஸ்ல வேகத்தைக் கூட்டி வெச்சிருந்தா பழையபடி குறைங்க. நாலுமே ஃபெயில்னா பவர் சப்ளையையும் பிராசஸரையும் சந்தேகப்படுங்க. ஏன்னா, மெமரியை மேய்க்கற கன்ட்ரோலர் இன்டெல்லில் 2008-லேர்ந்து பிராசஸருக்குள்ளேயே குடியேற ஆரம்பிச்சிடுச்சு. சாக்கெட்ல ஒரு பின் வளைஞ்சாலும் ‘ஸ்லாட் செத்துப் போச்சு’ன்னுதான் தோணும்.

ஆன் ஆகவே இல்லை, பீப் பீப்னு கத்துதா? எத்தனை பீப்னு எண்ணி, உங்க போர்டு மேனுவல்ல பாருங்க. அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

‘ஒரே ஒரு எரர்தானே’ன்னு விட்டுடாதீங்க. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரத் தேர்தல்ல ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலா விழுந்துச்சு. வாங்கவே முடியாத எண்ணிக்கை வந்ததாலதான் மாட்டிச்சு. 4,096-னா இரண்டின் 12-வது அடுக்கு. மெமரியில ஒரே ஒரு பிட் புரண்டிருக்கணும்ங்கறது நிபுணர்கள் கணிப்பு. ஒரு பிட் ஒரு தேர்தலையே குழப்பும்னா, உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எம்மாத்திரம்? சந்தேகம் வந்ததும் முதல் வேலையா ஃபைல்களைப் பென்டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க.

இன்னொண்ணு, பர்ஸ் விஷயம். ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க் குவிஞ்சதுல, 2025 கடைசியில உலகம் முழுக்க ரேம் விலை எகிறிடுச்சு. “ரேமை மாத்திப் பார்க்கலாமே”ன்னு விளையாட்டா சொல்ற காலம் போச்சு.

சரி, அக்காவோட 1,200 ரூபாய்? வித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கலை. அக்கா ஒரு வார்த்தை திட்டலை. “பரவாயில்லை தம்பி, படிக்கற பையன்”னு சொல்லிட்டாங்க. அதுதான் இன்னும் சுட்டுச்சு. மாசம் 300 ரூபாய்னு கொடுத்துக்கிட்டிருக்கேன், இன்னும் ரெண்டு தவணை பாக்கி. அந்தப் பொண்ணுக்கு மறுநாள் நானே உட்கார்ந்து ஃபாரத்தை டைப் பண்ணிக் கொடுத்தேன். கடைசித் தேதிக்கு முன்னாடியே போயிடுச்சு.

நாலு கட்டம் போட்ட அந்தப் பேப்பரைக் கிழிச்சு, கடைச் சுவர்ல அக்கா ஒட்டி வெச்சிருக்காங்க. அடுத்த தடவை என்னை மாதிரி எவனாவது காலரைத் தூக்கிட்டு வந்தா, முதல்ல அதைப் படிக்கச் சொல்லப் போறாங்களாம்!