மோட்டார் வைத்த இயற்கை

கட்டடக் கலைஞர்களுக்கு இந்தக் காலத்தில் இயற்கையின் மீது பெரும் பக்தி வந்திருக்கிறது. கண்காட்சி மண்டபம் ஒன்று எழுப்பினால் அது வண்டின் சிறகைப் போல இருக்க வேண்டும். பூவைப் போல விரிய வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் தானே அசைந்து கொடுக்க வேண்டும். 'உயிருள்ள கட்டடம்' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிடுகிறார்கள். பக்தியில் எனக்கு ஆட்சேபமில்லை. அதில் பெரும்பகுதி வேஷம் என்பதுதான் என் கட்சி.

தென் கொரியாவில் யோசு நகரத்தில் 2012-ல் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக ஆஸ்திரியக் கலைஞர்கள் ஒரு மண்டபம் கட்டினார்கள். அதன் முகப்பில் 108 நெடிய தகடுகள் மீன் செவுளைப் போலத் திறந்து மூடின. அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தது 'சொர்க்கப் பறவை' என்ற பூ. பறவை வந்து அந்தப் பூவின் இணைந்த இதழ்களின் மேல் உட்காரும். அதன் பாரத்தால் அவை வளையும். வளைந்ததும் இதழ்கள் விலகி மகரந்தம் வெளியே தெரியும். கீல் இல்லை, திருகாணி இல்லை. கீலில்லாமல் வளைவது எப்படி என்பதை அந்தப் பூவிடம் கற்றார்கள்; அது மெச்சத் தக்கதே. ஆனால் பறவை உட்கார்ந்த இடத்தில் எதை வைத்தார்கள்? மோட்டாரை! பூவின் சாமர்த்தியத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு மின்சாரக் கட்டணம் கட்டினார்கள்.

இதற்கு முன்னோடி பாரிஸில் இருக்கிறது. 1987-ல் திறந்த அராபிய உலக நிலையத்தின் தென்புறச் சுவரில் ழான் நூவெல் என்ற கலைஞர் காமிராக் கண்களைப் போன்ற உலோக விழிகளைப் பதித்தார். வெளிச்சம் கூடினால் குறுகும், குறைந்தால் விரியும். பார்க்க அற்புதம்தான். ஆனால் நாளடைவில் யந்திரங்கள் ஓய்ந்தன. பல வருஷங்கள் அந்த விழிகள் இமைக்காமல் வெயிலைப் பார்த்துக் கொண்டிருந்தன. 2017-ல்தான் பழுது பார்த்து முடித்தார்கள்.

இனி ஒரு பைன் காயை எடுத்துக் கொள்ளுங்கள். மரத்திலிருந்து விழுந்து செத்த காய் அது. ஆனாலும் காற்று உலர்ந்தால் அதன் செதில்கள் விரிகின்றன. ஈரம் பட்டால் மூடிக்கொள்கின்றன. செதிலின் ஒரு பக்கம் ஈரத்தில் அதிகம் நீள்கிறது, மறுபக்கம் அவ்வளவு நீள்வதில்லை, அதனால் வளைகிறது. ரகசியம் அவ்வளவுதான். மழைக்காலத்தில் நம் வீட்டு வாசல் கதவு இறுகிக்கொண்டு படுத்தும் பாடும் மரத்தின் இந்தக் குணத்தால்தான்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆகிம் மெங்கஸும் அவர் தோழர்களும் 2013-ல் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரான்சில் ஓர்லியான் நகரத்துக்காக அவர்கள் செய்த 'ஹைக்ரோஸ்கின்' மண்டபத்தில் 1,100 மரச் செதில்கள். மெல்லிய மேப்பிள் சீவலின் ஒரு பக்கத்தில் ஈரத்துக்கு அசையாத பொருளை ஒட்டினார்கள். வெயிலில் அவை திறந்தன. மழை வரும்போது மூடின. மோட்டார் இல்லை, கம்பி இல்லை, உள்ளே உட்கார்ந்து கட்டளையிடும் கம்ப்யூட்டரும் இல்லை.

"அந்த மண்டபத்தையும் கம்ப்யூட்டரும் ரோபோவும்தானே செய்தன?" என்று கேட்பார்கள். ஆமாம், செய்தன. பலகையின் வளைவைக் கணக்கிட்டதும் வெட்டியதும் அவைதாம். வேலை முடிந்ததும் தச்சன் வீட்டுக்குப் போவதுபோல அவையும் போய்விட்டன. நான் கம்ப்யூட்டரை வெறுக்கவில்லை. அது தச்சனாக வரட்டும். வீட்டோடு தங்கிச் சோறு கேட்கும் விருந்தாளியாக வேண்டாம்.

"மரம் நம் சொல் கேட்காதே! மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்க ஒருவர் ஆசைப்பட்டால்?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. மனிதன் கட்டளையிட வேண்டிய ஜன்னலுக்கு மனிதன் வெகு காலத்துக்கு முன்பே ஒரு கைப்பிடி வைத்துவிட்டான். அதற்கும் மோட்டார் வேண்டாம்.

மண்டபத்தைப் பற்றி இவ்வளவு கோபம் எதற்கு என்று தோன்றலாம். கண்காட்சி மண்டபங்களில் பல சில மாதங்களில் பிரிக்கப்படுபவை. மோட்டாருக்கு மூப்பு வருமுன் விழா முடிந்து, பாராட்டுப் பத்திரமும் கிடைத்துவிடும். அந்தப் பத்திரத்தை நம்பி நாளைக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டுவார்கள். மோட்டார் நின்ற அன்று வெந்து புழுங்குகிறவர் கலைஞர் அல்ல. படுக்கையில் கிடக்கும் நோயாளி.

ஆகவே, இயற்கையைப் பார்த்துக் கட்டினேன் என்று யாராவது சொன்னால், நான் அவரிடம் கேட்க விரும்புவது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உங்கள் பூ விரியுமா? விரியாது என்றால் அதை நல்ல யந்திரம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இயற்கை என்று மட்டும் சொல்லாதீர்கள்.