ஆச்சியின் பிடி அரிசி



போன இதழில் தூக்கத்தைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தங்கை வாலிபர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: "அக்கா, உங்க ஆச்சி காலத்துல கடையும் ஆஸ்பத்திரியும் பக்கத்துல இல்லாம எப்படிச் சமாளிச்சாங்க?" இந்த மாதம் அதற்கே பதில் எழுதுகிறேன்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. தேரி என்றால் செக்கச்சிவந்த மணல்மேடு. அங்கே நெல் விளையாது. பனையும் உடைமரமும்தான் வளரும். எங்கள் ஊரார் பிழைப்பு முழுவதும் பனையை நம்பித்தான் இருந்தது. பங்குனி முதல் ஆவணி வரை ஆண்கள் காலையும் மாலையும் மரம் ஏறுவார்கள். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகாது. பெண்கள் அந்தப் பதநீரை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். அடுப்பு மணிக்கணக்காக எரிய வேண்டும். காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும்தான் விறகு. பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைப்பார்கள்.

ஆச்சிக்கு 31 வயது இருக்கும்போது தாத்தா மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்கள். நான்கு பிள்ளைகள். மூத்தவருக்குப் பத்து வயது. கடைசியாகப் பிறந்த என் அம்மா கைக்குழந்தை. சொந்தமாக இருந்தது ஓர் ஓலை வீடும் கொஞ்சம் பனைமரங்களும்.

அந்தக் காலத்தில் பனையேறிக் குடும்பங்களை அமுக்கி வைத்திருந்தது முன்பணம். மழைக்காலத்தில் வீட்டில் ஒன்றும் இருக்காது. வியாபாரி பணம் கொடுப்பார். அதற்குப் பதிலாக அடுத்த பருவத்துக் கருப்பட்டியை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். உழைப்பு முழுவதும் கடனுக்குப் போய்விடும், மறுபடியும் மழைக்காலம் வந்துவிடும். தாத்தா இறந்த வருஷமும் வியாபாரி வீட்டுக்கு வந்தார். ஆச்சி கும்பிட்டு, "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் திட்டினார்கள். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவளுக்கு இவ்வளவு வீம்பா என்றார்கள்.

ஆச்சி வீம்பு பிடிக்கவில்லை, கணக்குப் போட்டிருந்தார்கள். மரங்களைத் தம்பியிடம் வாரத்துக்கு விட்டு, பாதிப் பதநீரை வாங்கித் தானே காய்ச்சினார்கள். கருப்பட்டியை உடனே விற்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஓலைப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். புகைபட்டால் கருப்பட்டி கசியாமல் இறுகி நிற்கும். மழை பிடித்து விலை ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றார்கள். அதுவரை சாப்பாட்டுக்கு? குருத்தோலையைக் கிழித்துப் பெட்டி முடைந்து வாரச்சந்தைக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ஆவணியில் பனம்பழம் தின்ற கொட்டைகளை ஊரெல்லாம் பொறுக்கி வந்து மணலில் பாத்தி கட்டிப் புதைத்தார்கள். தை மாதத்துக்குள் ஒவ்வொரு கொட்டையும் ஒரு கிழங்கு. அவித்துத் தின்றது போக மீதியைக் காயவைத்து இடித்து மாவாக்கி வைத்துக்கொண்டார்கள். எத்தனை கொட்டை புதைத்தோம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லுவார்கள். இரண்டு மழைக்காலம் இப்படிக் கழிந்தது. மூன்றாவது வருஷம் வியாபாரிதான் ஆச்சி சொன்ன விலைக்கு இறங்கி வந்தார்.

அடுத்தது ஆஸ்பத்திரிக் கதை. அம்மாவுக்கு முன்னால் பிறந்த ஓர் ஆண்பிள்ளை ஆச்சிக்கு வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மூத்த பெண்கள் தடுத்துவிட்டார்கள். உதடு காய்ந்து கிடந்த பிள்ளை இரண்டே நாளில் போய்விட்டது. அம்மாவுக்கும் அதே நோய் வந்தபோது ஆச்சி யாரையும் கேட்கவில்லை. இரவோடு இரவாக மாட்டுவண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த நர்சம்மா, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, பிள்ளை வாந்தி எடுத்தாலும் விடாமல் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பேதியானாலும் ஆச்சி உப்புக் கஞ்சிப் பானையோடு போய் நிற்பார்கள். கண் குழிந்திருந்தாலோ சிறுநீர் போகாமல் இருந்தாலோ, "என் கையில இல்லம்மா, வண்டியக் கட்டுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

நர்சிங் படிக்கும்போதுதான் இதன் காரணத்தை நான் கற்றுக்கொண்டேன். குடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்லும். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி அதே வேலையைச் செய்யும். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையில் இருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனதால் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரையே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே குறைந்தது.

இதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடினால் ஆபத்து. இங்கே இங்கிலாந்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலம் இன்னும் நல்லது. கைக்குழந்தை என்றால் காத்திருக்காமல் 111ஐ அழையுங்கள்.

ஆச்சி செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைப்பார்கள், மூக்கில் எண்ணெய் விடுவார்கள். இரண்டும் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் போதும், சீம்பாலைக் கொட்டவே கூடாது. இதைச் சொல்லியிருந்தால் ஆச்சி கோபப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தெரிந்தவர்களிடம் கேட்டுத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள்தானே.

கடைசியாக, பிடி அரிசி. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஓலைப் பெட்டியில் கோயிலுக்குப் போகும். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் இது பெண்களின் காணிக்கை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்று தீர்மானித்தார்கள். அதை முன்நின்று தொடங்கிய அசரியா ஐயர் தேரிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சர் ஆனார். பெரிய பணக்காரர்கள் அதிகம் இல்லாத ஊர்களிலிருந்துதான் இப்படிப்பட்ட ஊழியம் எழும்பியது.

தாத்தா இறந்தபோது சபையார் ஆச்சி வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து இறக்கினார்கள். கொஞ்ச நாள் அதில்தான் அடுப்பு எரிந்தது. அந்த அரிசியில் சமைத்த முதல் நாளே ஆச்சி ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார்களாம். "நமக்கே இல்லையே அம்மா" என்று பெரிய மாமா அழுதபோது, "வாங்குற கை வாங்கியே பழகிரக் கூடாதுலே" என்றார்கள். சாறிபாத் விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அவளும் தன் கடைசி மாவில் முதல் அடையைத் தீர்க்கதரிசிக்குச் சுட்டுக் கொடுத்தவள். ஆச்சி கருப்பட்டி விற்ற பணத்தில்தான் அம்மா போர்டிங் பள்ளியில் படித்து டீச்சர் ஆனார்கள். நான் இன்றைக்கு நர்ஸாக இருப்பதும் அந்தப் பரணிலிருந்து வந்ததுதான்.

தம்பி, தங்கையரே, இந்த மாதம் இரண்டு காரியம் செய்யுங்கள். ஊரில் உள்ள பாட்டியையோ அப்பம்மாவையோ அழைத்துப் பேசுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "மழைக்காலத்துல என்ன சமைப்பீங்க? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சொன்னதை எழுதி வையுங்கள். நான் வேலை செய்யும் முதியோர் வார்டில், கேட்க ஆள் வந்து சேரும்போது பலருக்கு நினைவே போயிருக்கும்.

இரண்டாவது, வீட்டில் ஒரு டப்பா வையுங்கள். வாரம் கடைக்குப் போகும்போது நம் ஊர் உணவு வங்கிக்காக ஒரு பொருள் கூடுதலாக வாங்கி அதில் போடுங்கள். மாதக் கடைசி ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள். சமைத்து முடித்து மிஞ்சியதை அல்ல, ஆச்சி செய்தது போல உலை வைக்குமுன் எடுத்ததை.

அடுத்த இதழில் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.