சமாதி எழுப்பியவருக்குச் சபையில் இடமில்லையா?

ஆண்டுதோறும் பகுள பஞ்சமியன்று திருவையாற்றுக் காவிரிக்கரையில் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றுகூடித் தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை இசைக்கின்றன. பொம்மனஹள்ளியில் வாழும் நாமும் அவ்வழியைப் பின்பற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மண்டபம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, நம் பிள்ளைகளைப் பாடச் செய்து மகிழ்கிறோம். நன்று. ஆனால், அந்தச் சமாதிக்கு மேல் கோயில் எழுப்பியவர் யார் என்று அப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விடை வராது. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. பெற்றோராகிய நாம் சொல்லவில்லை.

சொல்ல முயன்றதும் உண்டு. அண்மையில் அத்தகைய விழா ஒன்றில், பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச இசைவு கேட்டோம். விழாக்குழுவினர் மூன்று தடைகளை எழுப்பினர்: ‘அவர் தமிழரல்லர், அவர் வரலாறு குடும்பங்கள் கூடும் சபைக்கு ஏற்றதன்று, அவர் சீர்திருத்தத்தை எதிர்த்தவர்.’ பத்து நிமிடமும் மறுக்கப்பட்டது. அலுவலகக் கோப்புகளில், பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிய எழுத்தனின் பெயர் மறைந்து, இறுதியில் ஒப்பமிட்டவரின் பெயரே நிலைப்பதை நாள்தோறும் காண்பவர்கள் நாம். ஆதலின் அம்மறுப்பு நமக்குப் புதிதன்று. ஆயினும் வாளா இருக்க மனம் ஒப்பவில்லை.

முதல் தடையை எடுத்துக்கொள்வோம். நாகரத்தினம்மாள் 1878-இல் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தார். நஞ்சன்கூடு கபினி ஆற்றங்கரையில் உள்ளது. கபினி காவிரியோடு கலக்கிறது. அக்காவிரியே திருவையாற்றுக்கு வருகிறது. ஆற்றுக்கு இல்லாத எல்லையை அம்மையாருக்கு நாம் வகுக்கலாமா? ஆதரவற்ற தாயோடு பெங்களூர் வந்து, முனுசாமியப்பாவிடம் இசை பயின்று, இவ்வூரின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கிச் சென்னைக்குச் சென்று புகழ் பெற்றவர் அவர். அவர் இங்கிருந்து அங்குச் சென்றார். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். பிழைக்கவந்த மண்ணில் நம்மை அயலார் என்று எவரேனும் சொன்னால் நெஞ்சு கொதிக்கும் நாம், நம் மண்ணுக்கு வந்து தம் வாழ்வையே தந்தவரை அயலார் என்பது எந்த நீதி?

அவர் தந்தது சிறிதன்று. திருவையாற்றில் தியாகராசரின் சமாதி கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடப்பதை, அவருடைய ஆசான்களுள் ஒருவரான பிடாரம் கிருஷ்ணப்பா கடிதத்தில் தெரிவித்தார். அம்மையார் தாம் பாடிச் சேர்த்த பொருளைக் கொண்டு 1921-இல் திருப்பணி தொடங்கினார். 1925-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆயின், ஆராதனை நடத்திய ஆடவர் குழுவினர் பெண்கள் அங்கே பாடுவதை ஏற்கவில்லை. கோயில் கட்டப் பணம் கொடுக்கலாம். கட்டிய கோயிலின் முன் வாய் திறக்கலாகாது! அம்மையார் அழுது அமரவில்லை. 1927-இல் பெண்களைத் திரட்டித் தனியே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். பல்லாண்டுப் பூசலுக்குப் பின், 1940-ஐ ஒட்டிக் குழுக்கள் ஒன்றுபட்டன. பெண்களுக்கும் இடம் கிடைத்தது. இன்று நம் வீட்டுப் பெண்கள் பட்டுடுத்திப் பஞ்சரத்தினம் பாட அமர்கிறார்களே, அந்த ஆசனம் அவர் போராடிப் பெற்றது.

இனி இரண்டாம் தடை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையை அணிசெய்த முத்துப்பழனி என்னும் தேவதாசிப் புலமையாட்டி தெலுங்கில் இயற்றிய நூல் ‘ராதிகா சாந்தவனம்’. முன்னர் வெளிவந்த பதிப்பில் பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அம்மையார் சுவடியைத் தேடிப் பெற்று, நூலை முழுமையாக 1910-இல் பதிப்பித்தார். சிருங்காரம் மிகுந்த அந்நூலைப் பெண் ஒருத்தி எழுதினாள் என்பதற்காக வீரேசலிங்கம் போன்ற அறிஞரும் இகழ்ந்திருந்தனர். நாணம் பெண்ணுக்கு மட்டும்தான் உரியதா, அதனினும் மிகுதியாக எழுதிய ஆடவர்க்கு இல்லையா என்று அம்மையார் தம் முன்னுரையில் வினவினார். ஆங்கில அரசு நூலைத் தடைசெய்து படிகளைப் பறித்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆடவர் எழுதினால் இலக்கியம், பெண் எழுதினால் ஆபாசம் என்ற அந்த இரட்டை நாக்கைத்தான் நம் விழாக்குழு ‘குடும்பங்களுக்கு ஏற்றதன்று’ என்று பேசியது.

மூன்றாம் தடை ஒன்றே எண்ணிப் பார்க்கத் தக்கது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் முனைந்தார். தேவதாசிகளின் சங்கத்துக்குத் தலைமை தாங்கி அம்மையார் அதனை எதிர்த்தார் என்பது உண்மையே, மறைக்க வேண்டுவதில்லை. ஏதுமறியாச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்றே. 1947-இன் சட்டத்தை நாம் முழுமனத்தோடு போற்றுகிறோம். தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி அம்மையாரின் துணிவும் வணக்கத்துக்குரியது. எனினும், எதிர்த்தரப்பின் வினாவைச் செவிமடுக்க வேண்டாவா? தங்களைப் பற்றிய சட்டத்தில் தங்கள் சொல்லுக்கு இடமெங்கே, தங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாகும் என்று அப்பெண்கள் கேட்டனர். பின்னர் நடந்தது யாது? ஆடலும் பாடலும் ‘நல்ல குடும்பத்து’ மேடையேறின. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மகளிர் பெயரை மறைத்து வாழ நேர்ந்தது. வழக்கத்தை ஒழித்தது அறம். மனிதரை ஒதுக்கியது அறமாகுமா? ஒரு செய்தியில் அம்மையாரோடு மாறுபடுவது வேறு. அவர் பெயரையே துடைத்தெறிவது வேறு.

இது பழங்கதையன்று. நம் பகுதியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் தைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரித் தாய்மார் பலர் உள்ளனர். அத்தகைய தாயொருத்தியின் மகள், கேள்வி ஞானத்தால் அழகாகப் பாடுபவள், சென்ற ஆண்டு நம் பகுதி விழாவொன்றில் பாட வந்தாள். ‘யாரிடம் கற்றாய்?’ என்றனர். விடையில்லை. பட்டியலில் அவள் பெயரும் இல்லை. விழா முடிந்தபின் நாற்காலிகளை அடுக்க மட்டும் அத்தாயை அழைத்தனர். திருவையாற்றில் அன்று மூடிய வாயில் எங்கும் போய்விடவில்லை. நாம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் இருக்கிறது.

1952 மே 19-ஆம் நாள் மறைந்த அம்மையார், தியாகராசர் சமாதியின் அருகிலேயே உறங்குகிறார்; அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. நமக்கு அவர் சிலை வேண்டா. வரும் ஆராதனையில் விளக்கேற்றும்போது அவர் பெயரைச் சொல்லுவோம். பத்து நிமிடம் அவர் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறுவோம். முதல் பாட்டைப் பாட அந்தப் பெண்ணை அழைப்போம். அவள் யாரிடம் கற்றாள் என்று கேட்க வேண்டா. செவி கொடுத்துக் கேட்டாலே போதும். இவற்றைச் செய்ய மனமில்லையாயின், தியாகராசரின் பெயரால் நாம் மண்டபம் பிடிப்பதில் பொருளில்லை.